சுமைப் பாட்டும் சாய்வு நாற்காலியும்

பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பாடியவரிடமிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு வாழைத் தாரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை, நான் சொல்லப் போகிற பாட்டு தலைச்சுமையிலே பிறந்தது.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று ஜமைக்கா. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போய் இறக்கிய தீவு. 1838-இல் அடிமைத்தனம் அங்கே முற்றாக ஒழிந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், அத்தீவின் வாழையில் காசு இருப்பதை அமெரிக்கக் கப்பல்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1899-இல் யுனைடெட் புரூட் கம்பெனி என்ற ஸ்தாபனம் அமெரிக்காவில் உருவானபோது வாழை வியாபாரம் ஒரு சாம்ராஜ்யமாகவே ஆகிவிட்டது. வாழைக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. வெட்டிய தார் பழுப்பதற்குள் கடலைக் கடந்தாக வேண்டும். ஆகவே கப்பல் துறைக்கு வந்துவிட்டால் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. ஆண்களும் பெண்களும் தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். கப்பலுக்கு ஏறுகிற இடத்தில் ஒருவன் நின்று எண்ணுவான். டாலிமேன் என்று அவனுக்குப் பெயர். நாம் கணக்குப்பிள்ளை என்று சொல்லிவிடலாம். அவன் எண்ணினால்தான் கூலி.

எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் சீப்பு என்று சொல்வதை அவர்கள் கை என்பார்கள். ஒன்பது கை உள்ள தார்தான் முழுத் தார். எட்டு, ஏழு, ஆறு என்று குறையக் குறையத் தாரின் மதிப்பும் குறையும். ஆறு சீப்புத் தாருக்கும் ஒன்பது சீப்புத் தாருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை நம்மூர் வாழைக்காய் மண்டியில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வித்தியாசம் ஒரு பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது ஜமைக்காவில்தான்.

பாட்டின் சாரம் ரொம்பச் சுருக்கம். பொழுது விடிந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும், கணக்குப்பிள்ளையே, வந்து எண்ணிவிடு. இடையிடையே சீப்புக் கணக்கு, ராத்திரி முழுதும் ரம்மைக் குடித்துக்கொண்டு பாடுபட்ட சேதி, தாருக்குள் ஒளிந்திருக்கும் விஷச் சிலந்தி. ஒருவன் அழைப்பான், மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். இதை இன்னார் இயற்றினார் என்று சொல்ல வழியில்லை. துறைமுகம் இயற்றிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தப் பாட்டை எட்ரிக் கானர் என்ற டிரினிடாட் பாடகர் 1952-இல் இசைத்தட்டில் பாடினார். 1954-இல் ஜமைக்காவின் கவிஞர் லூயிஸ் பென்னட் அம்மையார் பாடினார். 1956-இல் ஹாரி பெலபான்டே பாடிய பிறகுதான் உலகம் கேட்டது. பெலபான்டே நியூயார்க்கில் பிறந்தவர், தாய் ஜமைக்காக்காரி, சிறுவயதில் சில வருஷங்கள் பாட்டி வீட்டில், அந்தத் தீவிலேயே வளர்ந்தவர். அவருடைய ‘கலிப்ஸோ’ என்ற தட்டில் முதல் பாட்டாக இது வந்தது. கலிப்ஸோ என்பது டிரினிடாட்டின் சங்கீதம். ஜமைக்காவின் பாட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் விற்கிறவர்களுக்கு இந்த விசாரமெல்லாம் ஏது? ஒரே பாடகரின் நீள இசைத்தட்டு பத்து லட்சம் பிரதிகள் விற்றது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வாத்தியக் கூட்டம் எதுவும் முன்னே வருவதில்லை. ஒற்றைக் குரல் நீளமாகக் கூப்பிடுகிறது. அக்கரையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் பொழுது புலர்வதே தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். அப்புறம் தாளம் சேர்கிறது, கோஷ்டி சேர்கிறது, நமக்குக் கால் ஆடத் தொடங்கிவிடுகிறது.

கால் ஆடுகிற இந்த இடத்தில்தான் என் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவர். எதையும் சும்மா விடமாட்டார். “என்னய்யா இது? ராத்திரி முழுக்கச் சுமை தூக்கினவன் ‘என்னை வீட்டுக்கு விடு’ என்று கெஞ்சுகிறான். நீர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டுகிறீர். உமக்குக் கூச்சமாக இல்லை?” என்றார்.

இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ரசனையைப் பற்றி நாம் பேசுகிறபோதெல்லாம் ஒரு சௌகரியமான நம்பிக்கையை வைத்துக்கொண்டு பேசுகிறோம்: அழகு எங்கே பிறந்தாலும் எல்லோருக்கும் சொந்தம் என்பது அந்த நம்பிக்கை. கீர்த்தனையைப் பாடியவர் நம்மை உத்தேசித்துப் பாடவில்லை, கடவுளை உத்தேசித்துப் பாடினார். ஆனாலும் நாம் கேட்கிறோம். தாலாட்டு நமக்காகப் பாடப்பட்டதில்லை, ஆனாலும் உருகுகிறோம். அப்படியிருக்க வேலைப் பாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

தனிச் சட்டம் உண்டு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் வேலைப் பாட்டு முதலில் ஒரு கருவி. கயிறு, கடப்பாரை, சும்மாடு எப்படியோ அப்படி.

நம் ஏற்றப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மரத்தில் மிதிக்கிறவன் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கீழே சால் பிடிக்கிறவன் அந்த நடைக்கு இசைந்து இறக்கவும் கவிழ்க்கவும் வேண்டும். கொஞ்சம் பிசகினால் மேலே இருப்பவன் கிணற்றில் இருப்பான். இருவர் கைகால்களையும் ஒரே கயிற்றில் கட்டுவது பாட்டுத்தான். இத்தனை சால் இறைத்தாகிவிட்டது என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வதும் பாட்டுத்தான். ஜமைக்காவில் கணக்குப்பிள்ளையைப் பாட்டிலே கூப்பிட்டார்கள். இங்கே பாட்டே கணக்குப்பிள்ளையாக இருந்தது.

கம்பரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஏற்றக்காரன் ஒருவன் பாடிய ஓரடி அவரை மயக்கிவிட்டதாம். அடுத்த அடியைக் கேட்பதற்குள் பொழுது சாய்ந்து, வேலை முடிந்து, அவன் ஏற்றத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் அவன் திரும்பி வந்து மிதிக்கிற வரையில் கவிச்சக்கரவர்த்தி காத்திருந்து மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு போனாராம். கதை நடந்ததோ நடக்கவில்லையோ, அதில் எனக்குப் பிடித்தது கம்பருடைய தாழ்மை கூட இல்லை. அவர் காத்திருந்தார் என்பதுதான். பாட்டு அவருடைய சௌகரியத்துக்கு வரவில்லை. அவனுடைய வேலை நேரத்துக்கு அவர் போக வேண்டியிருந்தது. இசைத்தட்டு இந்தக் காத்திருப்பை ஒழித்துவிட்டது. இப்போது கைப்பேசியைத் தொட்டால் ஜமைக்காவில் விடிகிறது. இன்னொரு தரம் தொட்டால் இன்னொரு தரம் விடிகிறது.

என் நண்பரோடு ஒரு தடவை புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இளவயதில் ஏற்றம் மிதித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பாட்டுக்களைப் பதிவு செய்யலாம் என்பது நண்பரின் திட்டம். ஒலிப்பதிவுப் பெட்டியைத் திண்ணையில் வைத்தார். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“மறந்துபோச்சுங்களா, ஐயா?” என்று நண்பர் கேட்டார்.

“மறக்கல தம்பி. ஒக்காந்துக்கிட்டுப் பாடுறதில்ல இது. காலு மிதிச்சா வாயி சொல்லும். காலு சும்மா இருக்கே, வாயி என்ன பண்ணும்?” என்றார் பெரியவர். பிறகு எழுந்து, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். பாட்டு வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவரால் முடியவில்லை, மூச்சு வாங்கிற்று. நண்பருடைய பதிவில் பாட்டைக் காட்டிலும் அந்த மூச்சுத்தான் அதிகம் கேட்கிறது.

கிளம்புகிற சமயத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். பம்புசெட் வந்து ஏற்றம் போய்விட்டதில் வருத்தம் உண்டா என்று. பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வருத்தமா? கரண்டு வந்த அன்னிக்கு மாரியாத்தாளுக்குப் பொங்க வச்சோம், தம்பி” என்றார்.

நாட்டுப் பாடல் அழிகிறதே என்று ஒப்பாரி வைக்கிறவர்களை அந்தத் திண்ணைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு அழிவதும் சுமை இறங்குவதும் ஒரே சம்பவத்தின் இரண்டு பெயர்களாக இருக்கலாம். அதற்காகப் பாட்டைச் சேகரிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி தேடிச் சேர்த்து வைத்திருக்காவிட்டால், கி. வா. ஜகந்நாதன் 1958-இல் பதிப்பித்த ‘மலையருவி’ நமக்குக் கிடைத்திருக்காது. நா. வானமாமலையின் உழைப்பு இல்லாவிட்டால் தெற்கத்திச் சீமைப் பாட்டுக்கள் பல காற்றோடு போயிருக்கும். ஆனால் சேர்த்து வைப்பது வேறு, சுமந்தவன் இன்னும் சுமந்துகொண்டிருக்கலாகாதா என்று ஏங்குவது வேறு. இந்த ஏக்கம் நாகரிகமான ரசிகர்களிடம் தெரியாமலே புகுந்துவிடுகிறது.

பெலபான்டேயின் தட்டில் சுமை கிடையாது. நல்ல அறை, நல்ல ஒலிவாங்கி, தேர்ந்த கோஷ்டி. சுமை உள்ள பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்னொரு பதிவைக் கேட்க வேண்டும். 1959-இல் ஆலன் லோமாக்ஸ் என்ற பாட்டுச் சேகரிப்பாளர் அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்துச் சிறைப் பண்ணைக்குப் போனார். கறுப்புக் கைதிகள் கோடரியால் கட்டை வெட்டிக்கொண்டே பாடினார்கள். ஜேம்ஸ் கார்ட்டர் என்பவர் முன்னே பாட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். லாசரஸ் என்ற ஓர் ஏழையைச் சட்டத்தின் ஆட்கள் தேடிப் பிடித்துச் சுட்டுக் கொல்லும் கதை அது. தாளவாத்தியம் கோடரிதான். எல்லாக் கோடரியும் ஒரே சமயத்தில் இறங்கினால் ஒருவன் கோடரி மற்றவன்மேல் படாது. இன்னொரு ரகசியமும் உண்டு: எல்லோரும் ஒரே தாளத்தில் வெட்டினால், தளர்ந்து போனவன் எவன் என்று காவலாளிக்குத் தெரியாது. பாட்டு அவனை மறைத்துக்கொள்ளும். சங்கீதத்துக்கு எத்தனையோ பிரயோஜனங்களைச் சாஸ்திரங்கள் சொல்லியிருக்கின்றன. அடி வாங்குகிறவனை ஒளித்து வைக்கும் பிரயோஜனத்தைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பதிவை 2000-ஆம் வருஷத்தில் ஓர் ஆங்கிலப் படத்தின் தொடக்கத்தில் சேர்த்தார்கள். கோயன் சகோதரர்கள் எடுத்த படம். அதன் பாட்டுத் தட்டு லட்சக்கணக்கில் விற்று, 2002-இல் அந்த வருஷத்தின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி பரிசையும் பெற்றது. ஜேம்ஸ் கார்ட்டர் என்று பெயர் இருக்கிறதே, அந்த மனிதர் எங்கே என்று லோமாக்ஸின் சேகரிப்பைப் பாதுகாக்கிறவர்கள் தேடினார்கள். சிகாகோவில் இருந்தார். எழுபது தாண்டிய முதியவர். இருபதாயிரம் டாலருக்கு ஒரு காசோலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு நினைவில் இல்லை! மைக்கேல் ஜாக்சனுடைய தட்டைவிட உங்கள் தட்டு அதிகம் விற்கிறது என்று சொன்னதற்கு, வேண்டுமானால் நான் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், அவர் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்ற தோரணையில் வேடிக்கையாகப் பதில் சொன்னாராம். 2003-இல் காலமானார்.

நம் புதுக்கோட்டைப் பெரியவரும் இந்தச் சிகாகோப் பெரியவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். கோடரி கையைவிட்டுப் போனதும் பாட்டும் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாம்தான். வைத்துக்கொண்டிருந்ததற்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வாடகை போய்ச் சேர்ந்தது.

இருபதாயிரம் டாலர் போதுமா என்று கணக்குப் பார்க்க நான் வரவில்லை. கார்ட்டருக்குப் பெயராவது இருந்தது. ஜமைக்காத் துறைமுகத்தில் சீப்புக் கணக்கைப் பாட்டாக்கிய பெண்ணுக்கு எந்த விலாசத்துக்குக் காசோலை அனுப்புவது? சட்டம் ஆசிரியரைத் தேடும். ஊர் சேர்ந்து செய்ததற்கு ஆசிரியர் இருக்கமாட்டார். ஆகவே புதிதாக வரிகளை ஒழுங்கு செய்தவர்கள் பெயரில் உரிமை பதிவாகும். பெலபான்டேயின் தட்டுக்கு அப்படி ஒழுங்கு செய்தவர்களில் முக்கியமானவர் இர்விங் பர்ஜி, பிற்காலத்தில் பார்பேடாஸ் நாட்டின் தேசிய கீதத்தை எழுதியவர், நல்ல கவி. அவருக்குப் பணம் வந்தது நியாயம்தான். எனக்கு உறுத்துவது இதுதான்: துறைமுகத்துக் கணக்குப்பிள்ளை தார்களை எண்ணினான். இசைத்தட்டுக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை தட்டுக்களை எண்ணினான். இரண்டாவது எண்ணிக்கை நடந்தபோது சுமந்தவர்கள் வரிசையில் இல்லை.

பெலபான்டேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு நண்பர் தயாராகவே இருந்தார். நான் விடவில்லை. 1963-இல் பர்மிங்ஹாம் நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் சிறையில் கிடந்தபோது, ஜாமீன் பணம் திரட்டியவர்களில் அவர் முன்னே நின்றார். 1964-இல் மிசிசிப்பியில் கறுப்பு மக்களுக்கு வோட்டுரிமை தேடிப் பாடுபட்ட இளைஞர்களிடம் கையில் காசு தீர்ந்துவிட்டது. பெலபான்டே எழுபதாயிரம் டாலர் ரொக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நடிகர் சிட்னி பாய்ட்டியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, கிரீன்வுட் என்ற ஊருக்கு ராத்திரியில் போய்ச் சேர்ந்தார். உயிருக்கு ஆபத்தான பிரயாணம். கார்ட்டர் கட்டை வெட்டியதும் அதே மாகாணத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். வாழைத் தாரின் பாட்டு சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதியாவது அந்தப் பையில் இருந்திருக்கும் என்று நான் நினைப்பதில் பெரிய தவறு இருக்காது.

ஆனாலும் இது பாடகரை விடுவிக்குமே தவிர, கேட்கிறவனை விடுவிக்காது. நண்பர் கேட்டது என் காலைப் பற்றி.

கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பது என்று ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தரமும் ‘ஐயோ, பாவம்’ என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெருமூச்சும் ஒரு சுகம்தான். அதைச் சாய்வு நாற்காலியிலிருந்தே விடலாம். மேலும், அது பாடியவர்களுக்கு அவமரியாதை. அவர்கள் அழுதுகொண்டு மட்டும் பாடவில்லை. சிலந்தியைப் பற்றிச் சொல்கிற இடத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. ரம்மைப் பற்றிச் சொல்கிற இடத்தில் ஒரு மிடுக்கு இருக்கிறது. கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் கெஞ்சலோடு அதட்டலும் கலந்திருக்கிறது. ராத்திரி முழுதும் தலையில் சுமை. ஆனால் குரலில் சுமை ஏற விடவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை ரசிக்காமல் பரிதாபத்தை மட்டும் பொறுக்கிக்கொள்வது, சாப்பிட அழைத்தவன் வீட்டில் சமையலைப் பாராட்டாமல் வீட்டின் ஏழ்மையைப் பற்றி வருந்திவிட்டு வருவது மாதிரி. அதே ஜமைக்காவில்தான் 1938-இல் தோட்டத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தித் தீவையே ஸ்தம்பிக்கச் செய்தார்கள். பரிதாபத்துக்காகக் காத்திருந்த ஜனங்கள் செய்கிற காரியமா அது?

ஒன்றுமே நினைக்காமல் கேட்பது இன்னொரு வழி. 1988-இல் வந்த ‘பீட்டில்ஜூஸ்’ என்ற படத்தில் இந்தப் பாட்டு வருகிறது. பணக்கார விருந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பேய் பிடித்து ஆட்டுகிறது, அவர்கள் வாய் தாமாகவே இந்தப் பாட்டைப் பாடுகிறது. சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் அந்தக் காட்சியில் ஒரு நியாயம் தெரியும். தின்று முடித்தவர்களின் வாயில் சுமந்தவர்களின் பாட்டு, அவர்கள் சம்மதத்தைக் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான். பாட்டு என்ன கேட்கிறதோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு கேட்கிறவனுக்குக் கால் ஆடலாம். விடிந்துவிட்டது, எண்ணிவிடு, நான் போக வேண்டும்: மூன்றும் கோரிக்கைகள். ராகத்தில் மயங்கி அவற்றைக் கேட்காமல் விட்டால், நாமும் கப்பல் ஓரத்தில் நிற்கிற மனிதரைப் போலத்தான், காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் வாழை அட்டைப் பெட்டியில் போக ஆரம்பித்தது. தார் சுமக்கிற வரிசை கலைந்தது. அதனால் கோரிக்கை காலாவதியாகிவிடவில்லை. எங்கள் தெருவிலே ஒரு மாடிக்குத் தளம் போடுகிறார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறது. யாரும் பாடுவதில்லை, கலவை இயந்திரத்தின் இரைச்சலில் பாடினாலும் கேட்காது. ஒருவன் இடுப்பில் செருகிய கைப்பேசி மட்டும் எதையோ பாடிக்கொண்டிருக்கிறது. விளக்குப் போட்டு ராத்திரி பதினோரு மணி வரையில் வேலை நடந்தது. அங்கே விடியலைக் கேட்க ஆள் உண்டு, பாட்டுத்தான் இல்லை. பாட்டு இல்லாததால் எங்கள் தெருவில் எவரும் கவனிக்கவில்லை.

“அப்படியானால் உம்முடைய கதைகள்?” என்று கேட்டார் நண்பர். அவர் அங்கேதான் வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். சுமை தூக்குகிறவர்களை எழுதி, சுமை தூக்காதவர்களுக்கு விற்கிற தொழில் என்னுடையது. இசைத்தட்டுக் கம்பெனிக்கும் எனக்கும் அளவில்தான் பேதம்.

போன மாதம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. என் நாவல் ஒன்றில் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு கிழவி, கல்லை அடுக்கிக்கொண்டு தனக்குத்தானே முனகிப் பாடுகிற அத்தியாயம் வருகிறது. அது மிக அழகாக இருந்தது, இரண்டு முறை படித்தேன் என்று எழுதியிருந்தார். அழகு என்ற சொல்லை அவர் வாபஸ் வாங்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அந்தக் கிழவிக்கு அன்று ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பதும் அதே அத்தியாயத்தில், நாலாவது பக்கத்தில் இருக்கிறது. நன்றி தெரிவித்துவிட்டு, அந்தத் தொகை நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டு ஒரு வரி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.